நான்கு தாள்கள், ஒரு பாட்டு: மறுமலர்ச்சிக் கால இசைக்குழு அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அச்சான பாட்டு நூல்களில் பெரும்பாலானவற்றைத் திறந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். நான்கு பேர் சேர்ந்து பாடவோ வாசிக்கவோ வேண்டிய பாட்டு. ஆனால் கையில் இருக்கும் நூலில் ஒருவருடைய வரி மட்டுமே இருக்கும். மற்ற மூவருக்கும் தனித்தனி நூல்கள். நால்வர் வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் தாள் யாரிடமும் இருக்காது. எதிரே நின்று கை அசைத்து நடத்துபவரும் இல்லை. தன் வரியைக் கண்ணால் படித்துக்கொண்டு, மற்ற மூன்று வரிகளையும் காதால் படிக்க வேண்டும்.

ஒரு சிறிய குழுவில் பல ஆண்டுகளாக டெனர் வியோல் (வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம், நடுத்தர அளவு) வாசித்து வருகிறேன். இந்த இசையில் எனக்குப் பிடித்ததும் என்னை வாட்டியதும் அந்த ஒரே பண்புதான். அக்கால வாத்தியங்களில் அக்கால இசையை வாசிக்க நான்கைந்து பேர் சேர்ந்தால் எங்கிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் போவது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். மேற்கத்திய ஸ்வரக்குறிப்பு ஓரளவு படிக்கத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: வாத்தியத்தைத் தொடும் முன் பாடுங்கள்

ஆர்வத்தோடு கூடுகிறவர்கள் முதலில் வாத்தியக் கடைகளைத்தான் தேடுவார்கள். வேண்டாம். முதல் மாதம் வாத்தியமே தேவையில்லை.

1535இல் வெனிஸ் நகரில் சில்வெஸ்த்ரோ கனாஸ்ஸி என்ற கலைஞர் ரெக்கார்டர் குழலுக்கென்று 'ஃபொன்தெகாரா' என்னும் நூலை வெளியிட்டார். வாத்தியங்கள் யாவும் மனிதக் குரலுக்கு அடுத்த இடத்தில்தான் இருக்கின்றன, குரலைப் பின்பற்றக் கற்பதே வாத்தியக்காரரின் வேலை என்று அதன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். வீணையோ வயலினோ கற்ற நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடிக் காட்டாத எதையும் வாசிக்க விடாத ஆசிரியர்களிடம் கற்றவர்கள் நாம்.

முதல் பாட்டாக நான் எப்போதும் பரிந்துரைப்பது 'மில் ரெக்ரே'. பிரிந்து செல்லும் துயரைச் சொல்லும் பிரெஞ்சுப் பாட்டு, நான்கு குரலுக்கானது, இரண்டு நிமிடம் போலத்தான் வரும். ஜோஸ்கன் தெ ப்ரே இயற்றியதாக வழங்கிவருகிறது. ஆய்வாளர் சிலருக்கு அதில் ஐயம் உண்டு. இதைத் தேர்ந்தெடுக்க ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. 1538இல் ஸ்பெயினின் வாயதோலித் நகரில் லூயிஸ் தெ நர்வாயெஸ் இதை விஹ்வேலா என்ற தந்தி வாத்தியத்தில் ஒருவரே வாசிக்கும்படி மாற்றி, 'பேரரசரின் பாட்டு' என்ற பெயரோடு அச்சிட்டார். 1551இல் ஆன்ட்வெர்ப் நகரப் பதிப்பாளர் டீல்மன் சுசாட்டோ இதே பாட்டைப் பவான் என்னும் நடனமாக்கித் தம் நடனத் தொகுப்பில் சேர்த்தார். ஆகவே ஒரே மெட்டைப் பாட்டாகவும், தனி வாசிப்பாகவும், நடனமாகவும் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு முழுக்கப் பயிலலாம்.

நால்வரும் ஆளுக்கொரு வரியைச் சொற்களோடு பாடுங்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. எங்கே மூச்சு விடுகிறோம், எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று தெரிந்தால் போதும். பின்னால் வாத்தியத்தில் வில்லை எங்கே திருப்புவது, நாக்கை எங்கே தட்டுவது என்ற கேள்விகளில் பாதிக்கு அந்தச் சொற்களே விடை சொல்லிவிடும்.

படி 2: எந்தக் குடும்பம் என்று முடிவு செய்யுங்கள்

15ஆம் நூற்றாண்டிலிருந்தே வாத்தியங்களை 'உரத்தவை', 'மென்மையானவை' என்று இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள். உரத்தவை ஊர்வலத்துக்கும் நகரச் சதுக்கத்துக்கும் உரியவை. மென்மையானவை அறைக்குள் வாசிப்பதற்கு. இரண்டையும் யோசிக்காமல் ஒன்றாகக் கலந்தால் மென்மையானது காணாமல் போய்விடும்.

உரத்தவற்றில் தலையானது ஷாம். கூம்பு வடிவத் துளையுள்ள மரக்குழல், நுனியில் இரட்டை நாணல் நாக்கு. நாகஸ்வரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த எவருக்கும் அது உறவுக்காரர் என்று உடனே புரியும். சீவாளி, கெண்டை, விரிந்த வாய் என்று உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடலாம். மேற்காசியாவின் சுர்னாய் வகை வாத்தியங்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது அது. ஷாம்களோடு சாக்பட் சேர்ந்ததே அக்கால நகர வாத்தியக் குழு. சாக்பட் இன்றைய டிராம்போனின் முன்னோடி; குழாய் ஒடுங்கியது, வாய் சிறியது, ஒலியும் மென்மையானது. மனிதக் குரல்களுக்கு இடையே நின்றாலும் அவற்றை அமுக்காது.

இரண்டு உலகத்திலும் வாழக்கூடியது கொர்னெத்தோ. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். வளைந்த மரத்துண்டை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, மறுபடி ஒட்டி, மேலே கறுப்புத் தோல் சுற்றிச் செய்வார்கள். ரெக்கார்டரைப் போல விரல் துளைகள். ஆனால் ஊதுவது எக்காளத்தைப் போல உதடுகளை அதிர வைத்து. ஊதும் கிண்ணம் விரல் நுனியளவுதான். அதனால் பலர் உதட்டின் நடுவில் வைக்காமல் வாயோரத்தில் வைத்து ஊதுகிறார்கள். நன்றாக வாசிக்கும்போது அது வாத்தியமா, சிறுவனின் குரலா என்று திகைக்க வைக்கும். பேராலயத்தின் நிழலில் பாயும் சூரியக் கதிர் போன்ற ஒலி என்று 1636இல் பிரெஞ்சு அறிஞர் மரின் மெர்சென் எழுதினார். கற்பது மிகக் கடினம். ஏற்கெனவே ஒருவர் வாசிக்கிறார் என்றால் ஒழிய, முதல் ஆண்டில் இதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

க்ரம்ஹார்ன் பார்க்க வேடிக்கையாக இருக்கும், குடைப்பிடி போல வளைந்தது. அதன் சீவாளி ஒரு மூடிக்குள் இருப்பதால் உதடு அதைத் தொடுவதே இல்லை. ஆகையால் ஓசையைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. எட்டும் ஸ்வரங்களும் ஏறத்தாழ ஒன்பதுதான். ஒரு நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

மென்மையான பக்கத்தில் வியோல், விரலால் மீட்டும் லூட், ரெக்கார்டர், குறுக்குக் குழல். ஒரே வாத்தியத்தின் பல அளவுகள் சேர்ந்து வாசிப்பதை முழுக் கான்சார்ட் என்கிறோம். வெவ்வேறு வாத்தியங்கள் கலந்தால் கலப்புக் கான்சார்ட். 1599இல் லண்டனில் தாமஸ் மோர்லி வெளியிட்ட தொகுப்பு இரண்டாவது வகைக்கானது: லூட், பண்டோரா, சிட்டர்ன் (மூன்றும் மீட்டி வாசிப்பவை), பாஸ் வியோல், குழல், டிரெபிள் வியோல் என்று ஆறு வாத்தியங்களையும் பெயர் சொல்லியே கேட்கிறது. ஆனால் பெரும்பாலான பதிப்பாளர்கள் அப்படிக் கட்டளையிடவில்லை. 'எல்லா வாத்தியங்களிலும் வாசிக்கத் தக்கது' என்றுதான் சுசாட்டோ தம் நூலின் முகப்பில் அச்சிட்டார். 1533இல் பாரிஸில் பியேர் அத்தென்யான் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பு ஒன்று ஓர் எழுத்தால் குறுக்குக் குழலுக்கு ஏற்றவற்றையும், இன்னோர் எழுத்தால் ரெக்கார்டருக்கு ஏற்றவற்றையும் குறித்து வைத்திருக்கிறது. அந்தத் தொகுப்பைத் தேடிப் பாருங்கள். எந்தப் பாட்டு எந்தக் குழலுக்குப் பொருந்தும் என்று அக்காலத்தவர் எப்படி யோசித்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான பாடம் கிடைக்காது.

தொடக்கக் குழுவுக்கு என் பரிந்துரை: நான்கு ரெக்கார்டர், அல்லது நான்கு வியோல். ஒரே குடும்பத்தில் தொடங்கினால் ஒலி கலப்பது எப்படி என்று காது கற்றுக்கொள்கிறது. கலப்புக் கான்சார்ட் அப்புறம் வரட்டும்.

படி 3: சுருதியை முடிவு செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்

இன்றைய உலகம் ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறது. மறுமலர்ச்சிக் காலத்தில் ஊருக்கு ஊர் வேறு. எஞ்சியிருக்கும் கொர்னெத்தோக்கள் பலவும் அரை ஸ்வரம் கூடிய சுருதியில் ஒலிப்பதால், அக்காலக் காற்று வாத்தியங்களை வாசிப்பவர்கள் 466ஐப் பொதுச் சுருதியாக வைத்துக்கொள்கிறார்கள். பரோக் குழுக்கள் 415இல் வாசிப்பார்கள். அது இதற்கு அடுத்த காலத்து இசை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தந்தியை முறுக்கலாம், தளர்த்தலாம். மரக்குழலின் நீளத்தை மாற்ற முடியாது. எங்கள் குழுவில் நால்வரில் மூவர் 440இல் ரெக்கார்டர் வைத்திருந்தோம். நான்காமவர் பழைய பாஸ் ரெக்கார்டர் ஒன்றை நல்ல விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கி வந்தார். ஊதிப் பார்த்தால் 466. ஒரு குளிர்காலம் முழுக்க அவர் எழுதியிருக்கும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அரை ஸ்வரம் இறக்கி வாசித்தார். விரல்கள் எப்போதும் அசௌகரியமான இடங்களிலேயே கிடந்தன. இனிமையான வாத்தியம் அது. எங்கள் நடுவில் அதற்கு இடம் இல்லாமல் போனது. அதை விற்றபோது எல்லோருக்கும் வருத்தம்.

ஆகவே நால்வரும் உட்கார்ந்து முதலில் ஓர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு அதிகம் வேண்டுமென்றால் 440. கொர்னெத்தோ, சாக்பட் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் 466.

ரெக்கார்டரில் இன்னொரு பொறி இருக்கிறது. பள்ளிகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் ரெக்கார்டர் உட்பட இன்று பரவலாக விற்பவை எல்லாம் பரோக் கால வடிவத்தைப் பின்பற்றியவை: உட்துளை கீழே போகப் போக நன்றாக ஒடுங்கும், மேல் ஸ்வரங்கள் பளிச்சென்று இருக்கும். மறுமலர்ச்சிக் கால ரெக்கார்டரின் உட்துளை அகலமானது. கீழ் ஸ்வரங்கள் தடிப்பாகவும் உறுதியாகவும் ஒலிக்கும்; பல சேரும்போது ஒரு சிறிய ஆர்கன் வாசிப்பது போல இருக்கும். கனாஸ்ஸி காட்டும் தொகுதியில் மூன்று அளவுகள்தான், ஒன்றுக்கொன்று ஐந்து ஸ்வர இடைவெளி: எஃப்பில் பாஸ், சியில் டெனர், ஜியில் டிரெபிள். நான்கு குரல் பாட்டுக்கு பாஸ் ஒன்று, டெனர் இரண்டு, டிரெபிள் ஒன்று. முடிந்தால் நான்கையும் ஒரே கைவினைஞரிடம் ஒரே தொகுதியாகச் செய்யச் சொல்லுங்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி இறந்த 1547இல் எடுத்த சொத்துப் பட்டியலில் எழுபதுக்கும் மேற்பட்ட ரெக்கார்டர்கள் இருக்கின்றன; அவற்றில் பல ஒரே பெட்டியில் வைக்கப்பட்ட தொகுதிகள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாக ஒலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கைவினைஞர்கள் அளவுகளை எங்கிருந்து எடுக்கிறார்கள்? வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகம், வெரோனாவின் ஃபிலார்மோனிக்கா அகாடமி, பிரஸ்ஸல்ஸின் இசைக்கருவி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருக்கும் மூல வாத்தியங்களிலிருந்து. 1620இல் மிகாயேல் பிரெட்டோரியஸ் வெளியிட்ட படத் தொகுதியும் பெரிய துணை. ஒவ்வொரு வாத்தியத்தையும் அளவுகோலோடு வரைந்து வைத்த மனிதர் அவர். ஆனால் நானூறு ஆண்டு பழைய மரம் சுருங்கியிருக்கும், உட்துளை வட்டம் குலைந்திருக்கும். அதை ஈடுகட்டிச் செய்வதில்தான் கைவினைஞரின் அறிவு இருக்கிறது. 'எந்த மூல வாத்தியத்தின் நகல்? எதை மாற்றினீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்லவர்கள் ஆசையோடு பதில் சொல்வார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், அந்தக் காலத்தைப் பாடுவதில் செலவிடுங்கள்.

வியோல் வாங்குபவர்களுக்கு: ஆறு தந்திகள், நான்காம் ஸ்வர இடைவெளிகளுக்கு நடுவே ஒரு மூன்றாம் ஸ்வர இடைவெளி. கால்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பது. வில்லை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கப் பிடிக்க வேண்டும். வயலினில் வில்லை இழுப்பது பலமான வீச்சு என்றால், வியோலில் தள்ளுவதுதான் பலம். வயலினிலிருந்து வருபவர்களுக்கு இதை மறுபடி பழக மாதக்கணக்காகும்.

விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகளும், தந்திகளைப் போலவே, ஆட்டுக் குடலில் செய்த நரம்புதான். கழுத்தைச் சுற்றி முடிச்சிட்டுக் கட்ட வேண்டும். இதை ஒருமுறை நீங்களே கட்டிப் பழகுங்கள். நரம்பை இரண்டு சுற்று சுற்றி, முடிச்சைத் தந்திகளுக்கு அப்பால் கழுத்தின் ஓரத்தில் வைத்து இறுக்கி, நுனிகளைச் சிறிது விட்டு வெட்டி, நெருப்பால் லேசாகச் சுட்டால் நுனி உருண்டு முடிச்சு நழுவாமல் நிற்கும். கழுத்து மேல் பக்கம் மெலிந்தும் உடலை நெருங்க நெருங்கப் பருத்தும் இருக்கும். அதனால் மெட்டைச் சேர வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே கட்டிவிட்டுக் கீழே தள்ளுங்கள், தானாக இறுகிக்கொள்ளும்.

படி 4: காந்தாரத்தைக் கேட்கப் பழகுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்களின் குழு ஒருபோதும் அக்கால இசை போல ஒலிக்காது. எத்தனை அருமையான வாத்தியம் வைத்திருந்தாலும் சரி.

தம்பூராவின் மந்தர ஷட்ஜத்தை மீட்டிவிட்டு அமைதியாகக் கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் உள்ளிருந்து எழும். அதுதான் தூய காந்தாரம். ஷட்ஜத்துக்கும் அதற்கும் உள்ள விகிதம் 4:5. பியானோவின் காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). மறுமலர்ச்சிக் கால இசை அந்தத் தூய காந்தாரத்தை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. விசைப்பலகை வாத்தியங்களுக்காக 1523இல் இத்தாலிய இசை அறிஞர் பியெத்ரோ ஆரொன் விவரித்த முறையில், காந்தாரத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ள பஞ்சமத்தை இம்மி குறைக்கிறார்கள். அதன் விளைவாக ஜி ஷார்ப் வேறு, ஏ ஃபிளாட் வேறு; இரண்டுக்கும் நடுவே 41 சென்ட் இடைவெளி. பியானோவில் இரண்டுக்கும் ஒரே கட்டைதான்.

பயிற்சி இப்படி. பாஸ் ரெக்கார்டர் ஒரு நீண்ட ஸ்வரம் பிடிக்கட்டும். அதன்மேல் ஒருவர் எட்டாம் ஸ்வரத்தையும், இன்னொருவர் பஞ்சமத்தையும் சேர்க்கட்டும். கடைசியாகக் காந்தாரம் வாசிப்பவர் தன் ஸ்வரத்தை வழக்கத்தைவிடக் கீழே வைத்து, மெல்ல நகர்த்திப் பார்க்கட்டும். ரெக்கார்டரில் மூச்சைத் தணித்தோ, ஒரு துளையை விரலால் சற்று நிழலிட்டோ இதைச் செய்யலாம். சரியான இடம் வந்ததும் காற்றில் இருந்த துடிப்பு நின்றுவிடும். அதோடு இன்னொன்றும் நடக்கும்: பாஸுக்கும் வெகு கீழே யாரும் வாசிக்காத ஒரு தாழ்ந்த முனகல் காதுக்குள் கேட்கும். முதல்முறை அதைக் கேட்டபோது எங்கள் டிரெபிள்காரர் குழலை இறக்கிவிட்டு, அறையில் ஏதோ இயந்திரம் ஓடுகிறது என்று சுற்றிப் பார்த்தார். ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியதற்கு அடையாளம் அது. ஒவ்வொரு பயிற்சியையும் பத்து நிமிடம் இதில் தொடங்குங்கள்.

வியோல், லூட் வாசிப்பவர்கள் மெட்டுகளை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி இதே இடத்துக்கு வரலாம். கட்டிய மெட்டின் அருமை இதுதான்.

படி 5: தனித் தாளிலிருந்து வாசியுங்கள்

1501இல் வெனிஸில் ஒத்தாவியானோ பெத்ரூச்சி பல்குரல் இசையை முதன்முதலாக நகரும் அச்சில் கொண்டுவந்தார். கோடுகளை ஒருமுறை, ஸ்வரங்களை ஒருமுறை என்று ஒரே தாளைப் பலமுறை அச்சில் ஏற்றினார். 1528 வாக்கில் பாரிஸில் அத்தென்யான் கோட்டையும் ஸ்வரத்தையும் ஒரே அச்செழுத்தில் சேர்த்து ஒரே தடவையில் அச்சிட, விலை இறங்கியது; இசை வீடுகளுக்குள் வந்தது. இந்த நூல்களில் பலவற்றின் படிமங்கள் இன்று நூலகங்களின் இணையத் தொகுப்புகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்றைய முறையில் எழுதப்பட்ட பதிப்புகளும் உண்டு.

முதல் சில வாரங்கள் இன்றைய பதிப்பு போதும். பாட்டு பழகியதும் மூல அச்சின் படிமத்துக்கு மாறுங்கள். சி ஸ்வரம் எந்தக் கோட்டில் என்று காட்டும் சி க்ளெஃப் குறி ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு கோட்டில் உட்காரும். தாளத்தைப் பிரிக்கும் நெட்டுக்கோடுகள் இல்லை. அந்தக் கோடுகள் இல்லாததே பெரிய வரம். 'ஒன்று' வரும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து முட்டுவது நின்றுவிடும். ஒவ்வொருவர் வரியும் தன் சொல்லுக்கு ஏற்ப மூச்சு விடத் தொடங்கும்.

தாளத்துக்குக் கை போதும்: கீழே, மேலே, கீழே, மேலே. இதற்கு டாக்டஸ் என்று பெயர். அமைதியாக மூச்சுவிடும் மனிதரின் நாடித் துடிப்பை ஒட்டியது என்று 1496இல் இத்தாலிய இசை அறிஞர் கஃபூரியுஸ் எழுதினார். நால்வரில் ஒருவர் காலாலோ விரலாலோ சன்னமாகப் போட்டால் போதும்.

முதல்முறை தொலைந்து போவீர்கள். நானும் தொலைந்தேன். 'மில் ரெக்ரே'யில் டெனர் காத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓய்வுக் குறியைத் தவறாக எண்ணிவிட்டேன். பக்கத்து வரி கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அதைப் பார்த்துச் சேர்ந்திருப்பேன். இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வில்லை எடுத்துவிட்டுக் கேட்டேன். மேல் குரல் பாட்டின் கடைசி அடிக்கு வந்துவிட்டது என்று, பாடிப் பழகிய சொற்கள் நினைவில் இருந்ததால் தெரிந்தது. அந்த அடி திரும்பத் திரும்ப வரும், அதன் அடுத்த வருகையில் நுழைந்தேன். அன்றுதான் முதல் மாதம் பாடியதன் பயன் புரிந்தது. ஆகவே விதி இது: ஒருவர் தொலைந்தால் மற்றவர்கள் நிறுத்தக் கூடாது. தொலைந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

வட்டமாக உட்காருங்கள். 1597இல் ஆங்கிலேய லூட் கலைஞர் ஜான் டவ்லண்ட் வெளியிட்ட பாட்டு நூலில் ஒரே விரிபக்கத்தில் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு திசையைப் பார்த்து அச்சாகியிருக்கிறது. நூலை மேசை நடுவே விரித்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்து பாடுவதற்காக. அதே அமைப்பை நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

படி 6: எழுதாத ஷார்ப்புகள்

அக்கால அச்சில் சில ஷார்ப், ஃபிளாட் குறிகளை எழுத மாட்டார்கள். பயின்றவர்களுக்குத் தானாகத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள். அடிப்படை விதி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கடல் தாண்டியது போல. ஒரு பகுதி முடியும் இடத்தில் இரண்டு குரல்கள் விரிந்து எட்டாம் ஸ்வரத்தில் போய்ச் சேரும். சேருவதற்கு முந்தைய இடைவெளி பெரிய ஆறாம் இடைவெளியாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால், மேல் குரலை அரை ஸ்வரம் ஏற்றுங்கள்.

'மில் ரெக்ரே' முடிவது ஈயில். கீழ்க் குரல் எஃப்பிலிருந்து ஈக்கு இறங்கும்போது மேல் குரல் டியிலிருந்து ஈக்கு ஏறினால், எஃப்புக்கும் டிக்கும் இடையே இருப்பது ஏற்கெனவே பெரிய ஆறாம் இடைவெளி. எனவே டியை ஏற்றக் கூடாது. பழக்க தோஷத்தால் டி ஷார்ப் வாசித்தால் பாட்டின் முகமே மாறிவிடும். இந்த ஈ அளவையின் ஸ்வரங்களை மட்டும் எடுத்து வரிசையாகப் பாடிப் பாருங்கள், அவை தோடியின் ஸ்வரங்கள். கமகம் இல்லை, நடை வேறு. ஆனால் சுத்த ரிஷபத்தின் அந்த நெருக்கம் பிரிவுத் துயரைச் சொல்வதற்கு எவ்வளவு பொருத்தம் என்று நம் காதுக்கு உடனே தெரியும்.

படி 7: நாக்கு

காற்று வாத்தியக்காரர்களுக்கு மட்டும். கனாஸ்ஸி மூன்று வகை நாக்குத் தட்டல் சொல்கிறார்: கடினமானது 'தெகெ தெகெ', நடுத்தரமானது 'தெரெ தெரெ', மென்மையானது 'லெரெ லெரெ'. நாகஸ்வரத்தில் துத்துக்காரம் பயின்றவர்களுக்கு இதன் சூட்சுமம் விளங்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே பலத்தில் தட்டினால் தையல் இயந்திரம் போல ஒலிக்கும். பலமும் மென்மையும் மாறி மாறி வர வேண்டும், பேச்சில் அசைகள் வருவது போல.

படி 8: ஆடிப் பாருங்கள்

நடன இசை வாசிப்பவர்கள் ஒருமுறையாவது அந்த நடனத்தை ஆட வேண்டும். இதற்கு 1589இல் பிரான்ஸின் லாங்கர் நகரப் பாதிரியார் ஒருவர் துவானோ அர்போ என்ற புனைபெயரில் வெளியிட்ட நூல் இருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் உரையாடுவது போல எழுதி, ஸ்வரங்களுக்கு நேரே அடிகளைக் குறித்து வைத்திருக்கிறார்.

பவான் நடந்து போகும் நடனம். ஓர் அடி வைத்துச் சேர்த்தல், மறுபடி ஓர் அடி வைத்துச் சேர்த்தல், பிறகு மூன்று அடி நடந்து சேர்த்தல். மேளம் நெடில், குறில், குறில் என்று மாறாமல் அடித்துக்கொண்டிருக்கும். சுசாட்டோவின் 'மில் ரெக்ரே' பவானை முதலில் மேளத்தோடு மட்டும் நடந்து பாருங்கள்.

அதை அடுத்து வழக்கமாக வரும் கலியார்ட் மும்மை நடை: ஆறு எண்ணிக்கைக்குள் ஐந்து அசைவு. நான்கு உதைகள், ஐந்தில் துள்ளல், ஆறில் தரையிறங்கி நிற்றல். ஒலிப்பதிவுகளில் கலியார்ட்டை ஓட்டமாக ஓட்டுகிறார்கள். ஆடிப் பார்த்தால் அது முடியாது என்று தெரியும். மனித உடல் துள்ளிக் காற்றில் இருந்து இறங்க ஒரு நேரம் பிடிக்கிறது. காலப்பிரமாணத்தை அந்தத் துள்ளலிடம் கேளுங்கள். எங்கள் குழுவில் கூடத்தின் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு இருவர் ஆட, இருவர் வாசித்தோம். அன்று மாலைக்குப் பிறகு கலியார்ட்டின் வேகம் பற்றி எங்களுக்குள் விவாதமே வரவில்லை.

படி 9: அலங்காரம், ஒரு நேரத்தில் ஒருவர்

1553இல் ரோமில் தியேகோ ஓர்த்திஸ் வியோலுக்காக வெளியிட்ட நூல், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நேரே போகாமல் சுற்றிப் போகும் வழிகளை வரிசை வரிசையாகத் தருகிறது. அவர் முதலாவதாகச் சொல்லும் வழியே பத்திரமானது: எந்த ஸ்வரத்தில் தொடங்கினீர்களோ, சுற்றிவிட்டு அதே ஸ்வரத்துக்கு வந்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். மற்ற குரல்களோடு உள்ள பொருத்தம் கெடாது.

நால்வரும் ஒரே நேரத்தில் அலங்கரித்தால் சந்தை இரைச்சல். முதல் தடவை எல்லோரும் நேராக வாசியுங்கள். திரும்ப வரும்போது ஒருவர் மட்டும் அலங்கரிக்கட்டும். யார், எந்த இடத்தில் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: மேடை

கல் கட்டடம் கிடைத்தால் விடாதீர்கள். 1597இல் வெனிஸின் ஜொவானி கப்ரியேலி இரண்டு குழுக்களுக்காக எழுதிய சொனாட்டாவில், எங்கே மெல்ல, எங்கே உரக்க என்றும், எந்த வரியை எந்த வாத்தியம் வாசிக்க வேண்டும் என்றும் குறித்தார். சான் மார்க்கோ பேராலயத்தின் எதிரொலியை அறிந்த காது அவருடையது. எதிரொலி நீண்ட இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். குறைந்த எதிரொலியில் சற்றுக் கூட்டுங்கள். கூட்டம் வருவதற்கு முன் ஒருவர் கடைசி வரிசையில் போய் நின்று கேட்கட்டும்.

ஒரு மணி நேர நிகழ்ச்சி போதும். குடல் நரம்புத் தந்திகள் மக்கள் மூச்சின் ஈரத்திலும் விளக்குச் சூட்டிலும் இறங்கி ஏறும். மூன்று பாட்டுக்கு ஒருமுறை சுருதி சேர்க்க நேரம் ஒதுக்குங்கள். அந்த இடைவெளியில் ஒருவர் அடுத்த பாட்டைப் பற்றி நான்கு வரி பேசலாம். மாற்றுத் தந்திகள் பையில் இருக்க வேண்டும், குறிப்பாக மெல்லிய மேல் தந்தி. ரெக்கார்டரின் தலைப்பகுதியை வாசிக்கும் முன் கையிடுக்கில் வைத்துச் சூடேற்றுங்கள். இல்லையென்றால் உள்ளே நீர் கோத்து, பாட்டின் நடுவே ஒலி அடைக்கும். ஷாமின் சீவாளியை முன்கூட்டியே நனைத்து வையுங்கள். புதிய மரக்குழலை முதல் சில வாரங்கள் நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம், மரம் வெடித்துவிடும். புதிய வாத்தியத்தோடு உடனே மேடை ஏறத் திட்டமிடாதீர்கள்.

பாட்டைத் தொடங்க மேல் குரல்காரர் ஒரு மூச்சு இழுத்தால் போதும். எல்லோரும் அதே மூச்சை இழுத்தால் சேர்ந்து நுழைவார்கள். கடைசி ஸ்வரத்தை நிறுத்தவும் அவரே. கையால் வெட்ட வேண்டாம். கல் சுவரில் ஒலி அடங்கும்வரை யாரும் வாத்தியத்தை அசைக்க வேண்டாம்.

முடிந்ததும் குழல்களின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள், வில்லின் முடியைத் தளர்த்துங்கள். கிளம்பும் முன் நான்கு நூல்களையும் எண்ணுங்கள். அக்காலத் தொகுப்புகள் பலவற்றில் மூன்று குரல்கள் மட்டும் நூலகத்தில் இருக்கும். நான்காவது நூல் என்றோ ஒரு நாள் எங்கோ மறந்து விடப்பட்டிருக்கும், அந்தப் பாட்டுகள் இன்றுவரை முழுதாகக் கேட்கக் கிடைக்கவில்லை. எங்கள் குழுவில் டெனர் நூலைப் பையில் வைப்பது என் பொறுப்பு. பாஸ் வாசிப்பவர் வாசலில் நின்று நான்கையும் எண்ணிய பிறகுதான் விளக்கை அணைக்கிறோம்.